புதுப்பாணிக் கதிரை வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

போன வருடம் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டு ஹோலுக்கு ஒரு கதிரை வாங்கினோம். அகலமானது, தாழ்வானது, கைப்பிடி இல்லாதது, மெல்லிய குரோம் குழாயில் நிற்பது. படத்தில் பார்த்தபோதே மனசு அதில் விழுந்துவிட்டது. வந்த அன்றே அம்மா அதில் இருந்து தேத்தண்ணி குடித்தார். குடித்துவிட்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நின்றது. கை ஊன்ற இடமில்லை. கடைசியில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையால் என் தோளைப் பிடித்துத்தான் எழும்பினார். பிறகு அந்தக் கதிரைப் பக்கமே அவர் போகவில்லை.

இதைக் கேட்டதும் பலர், "இந்த நவீன கதிரையெல்லாம் பார்வைக்குத்தான், வீட்டுக்குச் சரிவராது" என்று முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுவும் ஒரு பிழைதான். கோயில் மண்டபம், கலியாண வீடு, செத்தவீடு என்று எங்கும் அடுக்கிவைத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரையை எண்ணிப் பாருங்கள். மூட்டே இல்லாமல், ஒரே வார்ப்பில் கதிரை செய்யலாமா என்று ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் பல வருடம் மினக்கெட்ட விசயம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் பான்டனின் வளைந்த பிளாஸ்டிக் கதிரை 1967இல் வந்தது. பிரான்சின் ஹென்றி மசோனே 1972இல் செய்த கதிரை இன்றைய மலிவுக் கதிரைகளின் முன்னோடிகளில் ஒன்று. அன்று துணிச்சலாகத் தெரிந்த யோசனைதான் இன்று நம் விறாந்தையில் கிடக்கிறது.

ஆகவே புதுசா பழசா என்பதில் ஒன்றும் இல்லை. யார் இருக்கப் போகிறார், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஹோட்டல் வரவேற்பு மண்டபங்களில் காணும் பார்சிலோனா கதிரையைப் பலர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். ஜேர்மன் வடிவமைப்பாளர்களான மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் 1929இல் பார்சிலோனா கண்காட்சியின் ஜேர்மன் மண்டபத்துக்காக அதை வடிவமைத்தார்கள். ஸ்பெயின் அரசரும் அரசியும் வந்தால் இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஏறக்குறைய 30 அங்குல அகலம், 30 அங்குல ஆழம். கைப்பிடி கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹோலில் அப்படி இரண்டு கதிரையைப் போட்டால் மிச்சத்துக்கு ஆட்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். சாப்பாட்டு மேசை பொதுவாக 30 அங்குல உயரம். அதற்கு 17, 18 அங்குலக் கதிரை பொருந்தும். சாய்ந்திருக்கும் கதிரைகள் 15 அங்குலம் வரை தாழும். ஆனால் ஆளை ஏமாற்றுவது உயரத்தைவிட ஆழமும் சரிவும்தான். இருக்கை பின்பக்கம் சரிந்திருந்தால், எழும்பும்போது உடம்பை முதலில் மேட்டில் ஏற்றி, அப்புறம் முன்னுக்குத் தள்ள வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு அது பெரிய வேலை. கடையில் நன்றாகப் பின்னுக்குப் போய் இருந்து பாருங்கள். இருக்கையின் விளிம்புக்கும் உங்கள் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அது உங்களுக்கு ஆழம் கூடின கதிரை. எத்தனை குஷன் வைத்தாலும் முதுகு நோகும். இரண்டு நிமிடம் இருந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். இருபது நிமிடமாவது இருங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். வீட்டில் வயசானவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம்முடைய பழக்கங்களையும் மறந்துவிடுகிறோம். கதிரையிலும் காலை மடித்துச் சம்மணம் போடுகிறவர்கள் எத்தனை பேர்! கிண்ணம் போலக் குழிந்த இருக்கையில் அது நடக்காது. வடிவமைப்பாளர் ஹாரி பெர்டோயாவின் 1952 வடிவத்தைப் பார்த்துச் செய்யும் கம்பிவலைக் கதிரைகளில் மெத்தை இல்லாமல் இருந்தால் தொடையில் கட்டம் கட்டமாகத் தடம் விழும். வெல்டிங் சரியாகத் தேய்க்காத மலிவுக் கதிரை என்றால் சேலைத் தலைப்பும் கம்பியில் மாட்டும்.

கொழும்பில் மிக அதிகமாகக் காசைத் தின்பது பொருள் தெரியாமல் வாங்குவது. மரீன் டிரைவ் பக்கம், பம்பலப்பிட்டி, தெகிவளை என்று கடற்காற்று படும் வீடுகளில் குரோம் பூச்சு நிலைக்காது. எங்கள் கதிரையை வாங்கி எட்டாம் மாதம் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே பளபளப்பு குறையவே இல்லை. கீழே, காலின் ரப்பர் மூடியைக் கழற்றினால், உள்ளே கறள் பொருபொருவென்று உதிர்ந்தது. வெல்டிங் செய்த மூட்டிலும் மண்ணிறப் புள்ளிகள். உப்பு பூச்சின் நுண்துளைகளால் இறங்கி அடியில் உள்ள இரும்பைத் தின்கிறது. கறள் பிடிக்காத எஃகு வேண்டுமானால் 316 வகை கேளுங்கள். அதில் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். தோல் போலத் தெரியும் மலிவு உறைகளும் அப்படித்தான். மேலே உள்ள பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலத்தைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்லச் சிதைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாக உரிந்து சேலையில் ஒட்டும். பிளாஸ்டிக் என்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். பான்டன் கதிரையையே 1970களில் வேறொரு பிளாஸ்டிக்கில் செய்து, அது வெயிலுக்கும் காலத்துக்கும் தாங்காமல் உடைந்ததால் 1979இல் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

பிரம்பும் எஃகும் சேர்ந்த கதிரை எனக்குப் பிடிக்கும். வடிவமைப்பாளர் மார்செல் புரோயர் 1928இல் செய்தது. பின்காலே இல்லாமல் ஒரே குழாய் வளைந்து நிற்கும். பார்த்தால் விழுந்துவிடும் போல இருக்கும், இருந்தால் இலேசாக அசைந்து கொடுக்கும். பிரம்புக்குள்ளால் காற்று போவதால் முதுகு வியர்க்காது, பின்னல் அறுந்தாலும் திரும்பப் பின்ன ஆள் உண்டு. கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்பு வேலை செய்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் பின்கால் இல்லாத கதிரையில் மலிவு நகல் வாங்கவே கூடாது. குழாய் மெலிதாக இருந்தால் பாரமெல்லாம் அந்த வளைவில் இறங்கி, கொஞ்ச நாளில் கதிரை பின்னுக்குத் தொங்கும்.

இன்னொன்று: கண்ணைப் பறிக்கும் கதிரையை ஆறாக வாங்காதீர்கள். ஒன்று போதும், மற்றவை அமைதியாக இருக்கட்டும். வாங்கும் முன் லிஃப்டின் கதவையும் அளந்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு என்று பிறகு மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் போனோம். பழைய பாணி கேட்கவில்லை. அந்தக் குரோம் கதிரையின் படத்தையே காட்டினோம். தச்சு பாஸ் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவை ஒரு முக்காலியில் இருத்தி, முழங்காலின் பின்பக்கத்திலிருந்து தரைவரை நாடா பிடித்தார். பதினைந்தரை அங்குலம். இருக்கையை 17 அங்குலத்தில் வைத்தார், எழும்ப இலேசாக இருக்குமாம். சரிவைப் பாதியாகக் குறைத்தார். அதே அகலமான முதுகு, அதே கோணலான கால்கள், ஆனால் தேக்கு மரத்தில். இரண்டு பக்கமும் கை ஊன்ற உருண்டையான கைப்பிடி. அம்மா பின்னேரம் தேத்தண்ணியை இப்போது அதில் இருந்துதான் குடிக்கிறார், ஒரு காலை மடித்துப் போட்டபடி.