வேலையில் கற்றதற்குக் கல்லூரி கிரெடிட்: போர்ட்ஃபோலியோ தயாரிப்பது எப்படி?

அமெரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பட்டப்படிப்புக்குத் திரும்புகிறவர்கள், ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்டி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் 1972-இல் தொடங்கப்பட்ட தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ (கற்றதை விளக்கும் கட்டுரையும் அதற்கான சான்றுகளும் அடங்கிய தொகுப்பு) பார்த்துக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) தருகின்றன. ஆனால் பார்த்த வேலைக்குக் கிரெடிட் கிடையாது. அதில் என்ன கற்றீர்கள் என்பதற்குத்தான்.

படி 1: விசாரியுங்கள். போர்ட்ஃபோலியோ வழியாக அதிகபட்சம் எத்தனை கிரெடிட், கட்டணம் எவ்வளவு, கிரெடிட் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கல்லூரி ஆலோசகரிடம் கேளுங்கள். அதே பாடத்துக்கு கிளெப் (CLEP, தேறினால் வகுப்புக்குப் போகாமலே கல்லூரி கிரெடிட் பெற உதவும் தேர்வு) இருந்தால் அதை எழுதிவிடுவதே சுலபம்.

படி 2: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பலரும் முதலில் பழைய சான்றிதழ்களைத் தேடி அலமாரியைக் கிளறுவார்கள். அது அப்புறம். முதலில் சிலபஸை எடுத்து, பாடம் முடிக்கும் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள். முக்கால்வாசி தெரியாதென்றால் வேறு பாடம் பாருங்கள்.

படி 3: கட்டுரை எழுதுங்கள். உழைப்பு முழுக்க இங்கேதான். மனிதவள மேலாண்மைப் பாடத்தின் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும் உணவக மேலாளர், "எட்டு வருடம் இருபது பேரை மேய்த்தேன்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் புரியாது. ஆட்கள் ஏன் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அதற்காக ஷிஃப்ட் போடும் முறையை எப்படி மாற்றினார், அது ஏன் பலித்தது, பாடப்புத்தகம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய கற்றல் சுழற்சி இதற்குக் கைகொடுக்கும்: அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, அதிலிருந்து ஒரு பொதுக்கருத்து, அதைச் செயலில் சோதிப்பது. சிலபஸில் உள்ள ஒவ்வொரு கற்றல் இலக்குக்கும் கட்டுரையில் பதில் இருக்கட்டும்.

படி 4: சான்றுகளை இணையுங்கள். நீங்கள் தயாரித்த பணி அட்டவணை, பயிற்சிக் குறிப்பு, முன்னாள் மேலதிகாரியின் கடிதம் எல்லாம் ஆகும். "நல்ல உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயனில்லை. எந்தத் திறமையை நேரில் பார்த்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றவர்களின் பெயர், சம்பள விவரங்களை மறைத்துவிடுங்கள்.

படி 5: சமர்ப்பியுங்கள். சான்றுகளுக்கு எண் போட்டு, கட்டுரையில் உரிய இடத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். மதிப்பீட்டாளர் கூடுதல் விவரம் கேட்டால் பதற வேண்டாம், அது வழக்கம்தான்.

பயோடேட்டா அனுப்பினாலே முழுப் பட்டம் என்று யாராவது சொன்னால் அது போலிப் பட்டக் கடை, பணம் கட்டாதீர்கள். வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால், இந்த கிரெடிட்டை அங்கே ஏற்பார்களா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.