தொடர்ந்து பேசும் தமிழைக் கணினிக்குப் பழக்குவது எப்படி

"நாளைக்கு காலையில வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்." இதை ஒருமுறை இயல்பாகச் சொல்லி, போனில் பதிவு செய்து, ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சத்தமே இல்லாத சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். அவை சொல் முடியும் இடத்தில் இருக்காது. 'க்கு', 'ட்டு', 'ட்டா' என்று வாயில் காற்று அடைபடும் இடத்தில், அதாவது சொல்லுக்கு நடுவில் இருக்கும். சொல்லும் சொல்லும் சேரும் இடத்திலோ பெரும்பாலும் ஒரு வெட்டும் கிடையாது. நிறுத்தாமல் பேசும் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது கணினிக்கு ஏன் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

1952-இல் பெல் ஆய்வகம் செய்த, பேச்சில் எண்களை அடையாளம் காணும் ஆட்ரி கருவிக்கு எண்களைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டியைப் போன்றவர்கள்தான் நிறுத்தாமல் பேசும் பேச்சைக் கையில் எடுத்தார்கள். அவர் இருந்த கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1976-இல் வந்த ஹார்பி என்ற நிரல், சுமார் ஆயிரம் சொற்களுக்குள் அதைச் செய்து காட்டியது. இன்று 6,80,000 மணி நேர ஒலியில் பழகிய விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடல் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் உங்கள் பாட்டி பேசும் தமிழ் தெரியுமா என்றால், நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதலில் பதிவு. 16 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 16,000 மாதிரிகள்), மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் கோப்பு போதும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். எதையும் எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், வாசிக்கும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு; கல்யாணக் கதையோ வயல் கதையோ கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முக்கியமாக, பதிவு எதற்கு என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெட்டுவது. விஸ்பர் ஒருமுறைக்கு 30 நொடி ஒலியைத்தான் எடுக்கும். அதற்காக 30 நொடித் துண்டுகளாக வெட்டிவிடாதீர்கள். அது எழுதித் தரும் எழுத்துக்கு 448 டோக்கன் (எழுத்தை அது உடைத்துப் பார்க்கும் சிறு துண்டு) என்று ஒரு வரம்பு உண்டு, தமிழ் எழுத்து அதில் நிறைய இடம் பிடிக்கும், வேகமாகப் பேசுபவரின் 30 நொடி அதைத் தாண்டிவிடலாம். 5 முதல் 15 நொடி, மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள். நீண்ட மௌனங்களையும் எடுத்துவிடுங்கள், மௌனத்தில் இந்த மாடல் இல்லாத வாக்கியத்தை எழுதும்.

இனி எழுத்தாக்கம், பாதி வேலை இதுதான். நான் முதல்முறை செய்தபோது "வந்துடுறேன்னு" என்று காதில் விழுந்ததை "வந்துவிடுகிறேன் என்று" எனத் திருத்தி எழுதினேன், தமிழ் கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில். பழகி முடித்த மாடல் யாரும் பேசாத சொற்களை எழுத ஆரம்பித்தது. எல்லாத் துண்டுகளையும் மறுபடி கேட்டு எழுத வேண்டியதாயிற்று. ஆகவே காதில் விழுந்ததை எழுதுங்கள்: "அம்பது ரூவா" என்றால் அப்படியே, எண்ணாக வேண்டாம். 'பஸ்'ஸா 'பஸ்ஸு'வா, 'னு'வைச் சேர்த்து எழுதுவதா பிரித்தா, ஒற்று போடுவதா விடுவதா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்து, எழுதும் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். எது சரி என்று சண்டை போடுவதைவிட ஒரே மாதிரி எழுதுவது மேல்.

எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் குறியீடான யூனிகோடு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' தட்டுபவர்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, கணினிக்கு அது வேறு எழுத்து. 'ொ'வை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம், எல்லாவற்றையும் என்.எஃப்.சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பயிற்சி கொடுப்பது இவ்வளவுக்கும் பிறகு சின்ன வேலை. உலாவியிலேயே நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலாபில், விஸ்பரின் சிறிய வடிவமான விஸ்பர் ஸ்மாலை எடுத்து, மக்கள் குரல் கொடுத்த திறந்த தொகுப்பான காமன் வாய்ஸின் தமிழ்ப் பதிவுகளோடு உங்களுடையதையும் கலந்து பயிற்சியை ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பயிற்சியில் வரும் குரல் சோதனையில் வரக் கூடாது. வந்தால் மதிப்பெண் அழகாக இருக்கும், புதிய ஆள் பேசியதும் எல்லாம் சரிந்துவிடும்.

மதிப்பெண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. விஸ்பரோடு வரும் பொதுவான நார்மலைசர், அதாவது ஒப்பிடும் முன் எழுத்தைச் சீராக்கும் கருவி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் குப்பை என்று நினைத்து அழித்துவிடும், 'கிளி' வெறும் 'க ள' ஆகிவிடும். அதை அணைத்துவிட்டு அளவிடுங்கள். சொற்பிழை விகிதத்தை (நூறு சொல்லுக்கு எத்தனை தப்பு என்பதை) மட்டும் நம்பவும் வேண்டாம். மேலே சொன்ன வாக்கியத்தையே மாடல் "நாளைக்கு காலையில வந்துடுறேன் னு சொல்லிட்டு போயிட்டான்" என்று எழுதினால், ஐந்து சொல்லுக்கு மூன்று பிழை, 60 சதவீதம். படிப்பவருக்கோ ஒரு குறையும் தெரியாது. இடைவெளியையும் சேர்த்துக் குறியீடு குறியீடாக எண்ணினால் 54-க்கு 3, அதாவது 6 சதவீதத்துக்கும் கீழே. இரண்டையும் எழுதி வையுங்கள்.

பிறகு தப்பான துண்டுகளை ஹெட்போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிறைய இடங்களில் நீங்கள் எழுதியதே தப்பாக இருக்கும். அதை முதலில் திருத்துங்கள், மீதிப் பிழைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவை பேச்சில் தானாக வருகிற மாதிரி ஒரு கேள்வியோடு பாட்டியிடம் மறுபடி போய் உட்காருங்கள்.