காண்ட்ராக்ட் ஆள் லைனுக்கு வருகிறார்: புது சூப்பர்வைசர் செய்ய வேண்டியவை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவர்களில் பலர் காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள். சம்பளச் சீட்டில் வேறு கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் ஷிஃப்ட் தொடங்கியதும் அவர் நிற்பது உங்கள் மெஷின் முன்னால்தான். உலோகத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். அங்கே முதல் வாரத்தில் கவனிக்காமல் விட்டால் விரல் போகும்.

1. வருவதற்கு முன்பே காகிதத்தைப் பாருங்கள்

'அது ஹெச்.ஆர். வேலை' என்று விட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு வேண்டும். நோய்க்கால உதவித்தொகை வாங்க 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கே கிடையாது, முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அதனால் இ.எஸ்.ஐ. எண் கையில் இல்லாத ஆளை மெஷினில் நிறுத்தாதீர்கள்.

பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) 12 இலக்க யு.ஏ.என்., அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத கணக்கு எண், ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையே தொடர வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அதில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் பணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

2. முதல் நாள் மெஷின் வேண்டாம்

குடிதண்ணீர், கழிப்பறை, கேன்டீன், முதலுதவிப் பெட்டி, அவசர வழி எல்லாவற்றையும் கூடவே நடந்து காட்டுங்கள். பெர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்னொன்று என்று இருந்தால் அதை மேலே சொல்லி மாற்றுங்கள். சேஃப்டி ஷூ அவர் கால் அளவில் இருக்க வேண்டும். போன மாதம் நின்றுபோனவரின் ஷூவைக் கொடுக்காதீர்கள்.

பெயரைக் கேட்டு, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். "ஏய், காண்ட்ராக்ட்!" என்ற கூப்பாடு உங்கள் லைனில் இருக்கவே கூடாது.

3. செய்துகாட்டுங்கள், அவரைச் செய்யச் சொல்லுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இங்கேதான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவரிடம் தமிழில் மளமளவென்று சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார். நம்ம ஊர்ப் பையனும் அப்படித்தான்; புது இடத்தில் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் இருக்கும்.

அதனால் கேட்காதீர்கள், செய்யச் சொல்லுங்கள். எமர்ஜென்சி பட்டனை அவரே அழுத்தி மெஷினை நிறுத்தட்டும். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்பதை அவரே ஓட்டிப் பார்க்கட்டும். டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) பீஸ் சிக்கினால் கையை உள்ளே விடாமல், மெஷினை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். அதையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் மொழி பேசும் பழைய ஆள் ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பழைய ஆளின் டார்கெட்டை அந்த வாரம் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தன் வேலையைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது, சொல்லித் தருவதற்கு எங்கே போவார்?

உற்பத்தி கூடட்டும் என்று கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை யாராவது வேலை செய்யாதபடி கட்டி வைத்திருந்தால், அந்த மெஷினில் புது ஆள் மட்டுமல்ல, யாருமே நிற்கக்கூடாது.

4. எது உங்கள் வேலை, எது காண்ட்ராக்டர் வேலை

வேலை கற்றுத் தருவதும் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. லீவு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் வழியாகப் போகட்டும். இரண்டையும் கலந்தால், ஒப்பந்தம் பெயரளவுக்குத்தான், உண்மையில் அவர் உங்கள் கம்பெனி ஆள்தானே என்ற கேள்வி வழக்காக வந்து நிற்கும்.

ஆனால் சம்பளம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்திருந்தால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின், அதாவது உங்கள் கம்பெனியின், தலையில் விழும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதைத்தான் சொன்னது, 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. "சம்பளம் இன்னும் வரல சார்" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எழுத்தில் ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள்.

5. போகும்போது

ஒப்பந்தம் முடிகிற தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். ஊருக்கு டிக்கெட் போட, வேறு வேலை தேட அவருக்கு நாள் வேண்டும். எந்த மெஷின் ஓட்டினார் என்று எழுதிய அனுபவச் சான்றிதழைக் காண்ட்ராக்டரிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். அப்புறம், பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் ஏற்றாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் இணையதளத்தில் அவரே அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.