சாமி மக்களின் புல்மண் குடில்: கட்டுவது எப்படி, வாழ்ந்தது எப்படி

நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடகோடியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பழங்குடியினர் சாமி மக்கள். துருவ மான் மேய்ப்பவர்கள் என்றதும் எல்லாருக்கும் கூடாரம்தான் கண்முன் வரும். லாவ்வு என்னும் கூம்புக் கூடாரம் மந்தையோடு நடக்கும் நாட்களுக்கானது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஒரே இடத்தில் தங்கும்போது அவர்கள் குடியிருந்தது கோவாத்தி என்னும் குடில். மண்ணும் புல்லும் போர்த்திய கோவாத்தியை நார்வேக்காரர்கள் கம்மெ என்பார்கள். வளைந்த மரங்களைக் கால்களாக நிறுத்திக் கட்டும் வகையைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குடிலுக்கு மூன்று அடுக்கு. உள்ளே இருக்கும் மரம் பாரத்தைத் தாங்கும். நடுவில் இருக்கும் பர்ச் (வெள்ளைப் பட்டையுள்ள குளிர்நாட்டு மரம்) மரப்பட்டை தண்ணீரைத் தடுக்கும். வெளியே இருக்கும் புல்மண் பட்டையை அழுத்திப் பிடித்து, குளிரை உள்ளே விடாது. மழையைத் தடுப்பது மண் என்று நம்பிப் பட்டையில் கஞ்சத்தனம் செய்தால் சீக்கிரமே உள்ளே சொட்டும். இதற்கெல்லாம் மேலே, கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஒன்று உண்டு: நெருப்பு. தினமும் அடுப்பு எரிகிற குடிலின் மரம் உலர்ந்தே இருக்கும். பூட்டிப் போட்ட குடில்தான் இற்றுப்போகும்.

தொடங்கும் முன்: அனுமதி

நார்வேயில் பயிரிடாத திறந்தவெளியில் யாரும் நடக்கலாம், வீடுகளை விட்டுத் தள்ளிக் கூடாரம் அடித்து இரவு தங்கலாம். அதை வைத்துக் குடில் கட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலத்துக்கு உரியவரின் சம்மதமும் உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும். இன்னொன்று முக்கியம்: 1917-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ உருவான சாமி மக்களின் மரபுச் சின்னங்கள் எல்லாம் அந்நாட்டுச் சட்டப்படி தானாகவே பாதுகாக்கப்பட்டவை. புல் மூடிய வட்ட மேடும் அதன் நடுவே அடுப்புக் கற்களும் தென்பட்டால் அது பழைய குடிலின் தடம். 'நல்ல சமதளமாச்சே' என்று அங்கே மண்வெட்டியை இறக்காதீர்கள்.

தேவையானவை

உள்ளளவு ஏறக்குறைய 4 மீட்டர் அகலம், உச்சி உயரம் 2.3 மீட்டர் கொண்ட சிறு குடிலுக்கான கணக்கு இது. நான்கைந்து பேர் படுக்கலாம்.

- வளைகால் 4: ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 12 முதல் 15 செ.மீ. தடிமன்
- முகட்டுக்கட்டை 1: 2 மீட்டர்
- பக்கவாட்டுக் கட்டை 2: தலா 2 மீட்டர்
- கதவு நிலைக்கு இரண்டு கால்கள், மேலே ஒரு குறுக்குக்கட்டை
- சுவர்க்கழி சுமார் 120: பாதி 3 மீட்டர், மீதி அதைவிடக் குட்டை, மணிக்கட்டுத் தடிமன் போதும்
- பர்ச் பட்டை: சுமார் 60 சதுர மீட்டர்
- புல்மண் கட்டி: 30 × 40 செ.மீ. அளவில், 10 செ.மீ. தடிமனில் ஏறக்குறைய 400. படி 4-இல் வரும் அகலமான அடிச்சுவருக்கு இன்னும் தனியாக வேண்டும்
- கோடாரி, தமர் (மரத்தில் துளையிடும் கருவி), மண்வெட்டி, கூரான கத்தி, அடுப்புக்குக் கல்லும் மணலும்

குடிலின் வெளிப்பரப்பு 21 சதுர மீட்டர் அளவில் வரும். புல்மண் கூரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஆக மொத்தம் 5 டன்னுக்கு மேல். பனி படிந்தால் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோவரை போகும். கால்களின் தடிமனில் ஏன் சமரசம் கூடாது என்பது இப்போது புரியும்.

படி 1: இடம்

தண்ணீர் நிற்காத, லேசாகச் சரிந்த சரளை மேடு நல்லது. நடந்து போகும் தொலைவில் தண்ணீரும் விறகும் இருக்க வேண்டும். வீடு ஒரு தடவை கட்டுவது, விறகு தினமும் சுமப்பது. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் மண்கட்டி வெட்டுவது சுலபம் என்று அங்கேயே கட்டினால் தரை என்றைக்கும் ஈரம்தான். குளிர்காலக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, பனி எங்கே குவிகிறது என்று பார்த்துவிட்டு, குவியாத பக்கமாக வாசலை வையுங்கள்.

4.5 மீட்டர் விட்டத்தில் வட்டம் போட்டு, மேற்புல்லைக் கட்டி கட்டியாக வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் சுவருக்கு உதவும். ஆழமாகத் தோண்ட வேண்டாம். பள்ளத் தரையில் உருகும் பனி வந்து தேங்கும். மேட்டுப் பக்கமாக மட்டும் ஒரு சிறு வடிகால் வெட்டுங்கள்.

படி 2: வளைகால்கள்

நேரான மரத்தை வளைக்கப் பார்க்காதீர்கள். மலைச்சரிவில் முளைக்கும் இளம் பர்ச் மரங்களைப் பனி வருஷா வருஷம் கீழ்நோக்கித் தள்ளுவதால், அடிமரம் வளைந்துதான் மேலே எழும். அந்த இயற்கை வளைவுதான் இந்தக் குடிலின் தோள். ஏறக்குறைய 130 பாகை வளைவுள்ள மரங்களைத் தேடி, ஒத்த ஜோடிகளாக இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டியதும் பட்டையை முழுசாக உரித்துவிடுங்கள். பர்ச் பட்டை நீர் புகாதது. அதே காரணத்தால் உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. உரிக்காத பர்ச் கட்டை உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. பைன் மரத்தின் வைரம் பாய்ந்த உள்மரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு காலின் மேல்நுனியிலும் தமரால் துளை போடுங்கள். இரண்டு கால்களின் நுனிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு வளைவு. மற்ற இரண்டால் இன்னொரு வளைவு. இரண்டையும் 1.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, முகட்டுக்கட்டையைத் துளைகள் வழியே செருகி ஆப்பு அடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே தட்டைக் கல் ஒன்று. தோள் உயரத்தில் இரு பக்கமும் பக்கவாட்டுக் கட்டையை வெட்டுவாயில் பொருத்தி மரமுளை அடியுங்கள். இந்தக் கட்டைகளை விட்டுவிட்டால், மண் ஏற ஏற இரண்டு வளைவும் சேர்ந்து ஒரே பக்கமாகச் சாயும். ஒருவர் ஏறித் தொங்கினாலும் ஆடாத அளவுக்குச் சட்டகம் இறுகிய பிறகே அடுத்த படி.

படி 3: வாசலும் சுவர்க்கழியும்

வாசல் உயரம் 1.3 மீட்டர், அகலம் 65 செ.மீ. போதும். குனிந்துதான் நுழைய வேண்டும். பெரிதாக்கினால் சூடு அத்தனையும் அந்த வழியே போய்விடும். கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும். ராத்திரியில் வெளியே பனி அடைத்தாலும் வெளியேற வழி இருக்கும்.

சுவர்க்கழிகளைச் சட்டகத்தின்மேல் சாய்த்து நெருக்கமாக அடுக்குங்கள். மேலே போகப் போக வட்டம் குறுகுவதால் நீளக் கழிகளுக்கு நடுவே குட்டைக் கழிகளைச் செருக வேண்டும். இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் கூடாது. அகன்ற இடைவெளியில் மண்ணின் பாரம் பட்டையை உள்ளே அழுத்திக் கிழிக்கும். ஒழுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். முகட்டின் இரு பக்கமும் சேர்த்து 60 × 80 செ.மீ. புகைத்துளை விடுங்கள்.

படி 4: பட்டையும் மண்ணும்

பட்டை உரிக்க ஏற்ற காலம் ஜூன், ஜூலை. மரத்தில் நீரோட்டம் மிகுந்திருக்கும் அந்த வாரங்களில் நெடுக ஒரு கீறல் போட்டால் போதும், கையோடு கழன்று வரும். வெளிப்பட்டையை மட்டும் எடுங்கள். கத்தி உள்பட்டைவரை இறங்கினால் மரம் செத்துவிடும். உரித்த பட்டை, அதன் வெள்ளையான வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு சுருளும். உடனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கல்லேற்றுங்கள்.

புல்மண்ணுக்கு அடர்ந்த வேருள்ள உலர்நிலப் புல்தரையே சரி. சதுப்புப் பாசி மண் ஈரத்தில் கனக்கும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஒரே இடத்தில் மொத்தமாக வெட்டாமல் கீற்றுக் கீற்றாக, இடையே புல் விட்டு வெட்டுங்கள். வடக்கே செடிகொடி மெதுவாகத்தான் வளரும். பெரிய வெட்டுக்காயம் ஆற வெகுகாலம் பிடிக்கும். வேர் பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கட்டியை ஒரு முனையில் பிடித்துத் தூக்குங்கள். உதிர்ந்தால் வேறு இடம் பாருங்கள்.

பலர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். பட்டையை முழுக்க வேய்ந்துவிட்டுப் பிறகு மண் ஏற்றலாம் என்று நினைத்தால், வெயில் பட்ட பட்டை சுருண்டு காற்றில் பறக்கும். பட்டையும் மண்ணும் சேர்ந்தே ஏற வேண்டும். கீழே ஒரு சுற்றுப் பட்டை வையுங்கள்: வெள்ளைப் பக்கம் கழியை ஒட்டி இருந்தால் ஓரங்கள் சட்டகத்தை நோக்கி மடங்கும், மேலே தூக்காது. எந்த இடத்திலும் மூன்று பட்டைத் தடிமன் இருக்கட்டும். உடனே அதன்மேல் மண்கட்டிச் சுற்று. பிறகு மேல்சுற்றுப் பட்டை, கீழ்ச்சுற்றின்மேல் 15 செ.மீ. ஏறி நிற்குமாறு, மறுபடி மண். ஓடு வேய்கிற அதே ஒழுங்கு.

அடியில் 1 மீட்டர் உயரம்வரை கட்டிகளைப் படுக்கையாக அடுக்கி, 50 செ.மீ. அகலச் சுவராக எழுப்புங்கள். அதற்கு மேல் இரண்டு அடுக்கு: முதல் அடுக்கில் புல் கீழே பார்க்கும், இரண்டாம் அடுக்கில் புல் மேலே பார்க்கும். செங்கல் சுவரில் போலவே இணைப்புகள் நேர்கோட்டில் விழக் கூடாது. இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டகம் கோணிக்கொள்ளும்.

படி 5: அடுப்பு

நடுவில் ஆர்ரான் என்னும் அடுப்பு. சரளையும் மணலும் பரப்பி, 1 மீட்டர் நீள முட்டை வடிவில் கல் பதியுங்கள். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல் வேண்டாம், சூட்டில் வெடித்துச் சிதறும். முகட்டுக்கட்டையிலிருந்து சங்கிலி தொங்கவிட்டுப் பானையை மாட்டுவார்கள்.

உள்ளே புகை சூழ்கிறது என்றால் புகைத்துளையைப் பெரிதாக்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கீழே இருக்கும். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் புகை மேலே போகாது. கதவடியில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். பர்ச் பட்டை எண்ணெய் போல எரியும். புகைத்துளையைச் சுற்றி ஒரு முழத்துக்குப் பட்டை வெளியே தெரியாமல் மண்ணால் பூசுங்கள். கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது துளையை மூடிவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. இன்று பலரும் இரும்பு அடுப்பும் குழாயும் வைக்கிறார்கள். அப்படியானால் குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் பட்டை அருகே வராதபடி தகரக் கழுத்து கட்டாயம்.

உள்ளே யாருக்கு எந்த இடம்

அடுப்பின் இரு பக்கமும் லோய்து: உட்காரவும் படுக்கவும். தரையில் இளம் பர்ச் மிலாறுகளைப் பரப்பி, மேலே துருவ மான் தோல் விரிப்பார்கள். வெட்டிய முனைகள் அடியில் மறைந்து, இலைநுனி மேலே வருமாறு ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை. மிலாறு உதிர ஆரம்பித்தால் வெளியே போட்டுப் புதிது பரப்ப வேண்டும். இதில் சோம்பல்பட்டால் தோல் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

அடுப்புக்குப் பின்னால், வாசலுக்கு நேரெதிரே இருப்பது போஷ்ஷு. பாத்திரமும் உணவும் அங்கே. பழைய சமயத்தில் அது புனித இடம், சடங்கு முரசும் அங்கேதான் இருக்கும். வாசலில் உக்சாக்கா, அடுப்பில் சாராக்கா என்று பெண் தெய்வங்களுக்கும் இந்தச் சிறு வட்டத்துக்குள் இடம் இருந்தது. அடுப்புக்கும் போஷ்ஷுவுக்கும் குறுக்கே நடப்பது மரியாதை அல்ல. இன்று விருந்தாளியாகப் போகிறவர்களும் வாசலுக்கு அருகே நின்று, உட்காரச் சொல்லும் இடத்தில் உட்காருவதே நல்லது.

மலைப்பகுதிச் சாமி மக்கள் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மந்தை தங்கும் இடங்களில் இக்குடில்களை நிலையாக வைத்திருந்தார்கள். கடலோரச் சாமி மக்கள் வருடம் முழுக்க இதிலேயே குடியிருந்தார்கள். ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் ஆடுமாடு என்ற பெரிய குடில்களும் உண்டு. கால்நடையின் உடல்சூடும் கணக்கில் சேரும்.

எல்லாக் கதையும் இனியதல்ல. சுவீடனில் 1913-இல் வந்த நாடோடிப் பள்ளிச் சட்டத்தின்கீழ் மேய்ப்பர் பிள்ளைகளுக்குக் கோவாத்தியிலேயே பாடம் நடந்தது. வசதியான வீட்டில் வளர்ந்தால் மேய்ப்புத் தொழிலை விட்டுவிடுவார்கள் என்பது ஆள்வோரின் வாதம். குடியிருப்பைக் கொண்டே ஒரு மக்களை ஒதுக்கிவைத்த ஏற்பாடு அது. நார்வேயின் பின்மார்க்கில் 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊர்களை எரித்துக்கொண்டே போனபோது, வெளியேற மறுத்து ஒளிந்தவர்கள் பலர் அந்தக் குளிர்காலத்தைப் புல்மண் குடில்களிலும் குகைகளிலும் கழித்தார்கள்.

பராமரிப்பு

கோடை தொடங்கியதும் கூரையில் ஏறாமல், சுற்றி நடந்து பாருங்கள். முளைத்த பர்ச் கன்றுகளைப் பிடுங்கி எறியுங்கள். அதன் வேர் பட்டையைத் துளைக்கும். மண் சரிந்து பட்டை தெரியும் இடங்களில் புதுக் கட்டி வையுங்கள். வெயில் படும் பட்டை சில வருடத்தில் நொறுங்கும், மண்ணுக்கடியில் இருக்கும் பட்டை வெகுகாலம் நிற்கும். பட்டைக்குப் பதிலாக இப்போது குமிழ் குமிழாகப் புடைத்த, தடித்த கடினப் பிளாஸ்டிக் விரிப்பும் போடுகிறார்கள். மெல்லிய தார்ப்பாயை மட்டும் நம்பாதீர்கள்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் பட்டைக்கும் கழிக்கும் நடுவே வழிந்து வந்திருக்கும். ஓட்டை கூரைச் சரிவில் அதற்கு மேலே ஒரு முழமோ இரண்டு முழமோ தள்ளித்தான் இருக்கும். மண்ணை அங்கிருந்து விலக்கிக்கொண்டே வாருங்கள். கழியும் உளுத்திருந்தால் உள்ளிருந்து பக்கத்திலேயே புதுக் கழி ஒன்றை முட்டுக் கொடுத்த பிறகுதான் பழையதை உருவ வேண்டும். கிழிந்த பட்டைக்கு மேல்சுற்றின் அடியில் புதுப்பட்டையைச் செருகி, மண்ணை மூடி, இரண்டு நாள் தொடர்ந்து அடுப்பெரியுங்கள்.