செட்டிநாட்டில் வெள்ளிப் பட்டறை பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்ப்பார்கள், கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்ப்பார்கள். வெள்ளிப் பட்டறைக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் வழி சொல்வதில்லை. ஆனால் நகரத்தார் கல்யாணங்களில் பரப்பி வைக்கும் பன்னீர்ச் செம்பு, குங்குமச் சிமிழ், குத்துவிளக்கு எல்லாம் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொள்ள அரை நாள் ஒதுக்கினால் போதும்.

1. நாள் பாருங்கள்

அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று ஆசாரிமார் பலர் வேலையில் உட்கார மாட்டார்கள். முகூர்த்த மாதத்துக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்குத் தலைநிமிர நேரமிருக்காது. காலை பத்து மணி வாக்கில் போவது நல்லது. மதியம் ஊரே கதவைச் சாத்திவிடும்.

2. கடையில் கேளுங்கள்

கடையில் இருப்பதில் நிறைய வெளியூரில் இயந்திரத்தில் செய்து வந்தவை. அதனால், "கையால செய்யிற பத்தர் யாராவது இருக்காங்களாண்ணே? வேலையைப் பார்க்கணும்" என்று வெள்ளிக் கடையில் நேராகவே கேளுங்கள். கடைக்காரர் சொல்லி அனுப்பினால் பட்டறையில் மரியாதையே வேறு.

3. உள்ளே போகும்போது

செருப்பை வெளியே விடுங்கள். தரையில் கிடக்கும் தூசியைத் தட்டிவிடாதீர்கள், அதிலும் வெள்ளி இருக்கிறது. கூட்டிச் சேர்த்து, அலசி, மறுபடி உருக்குவார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பிறர் கொடுத்த பழைய நகைகள் மேசையில் கிடக்கும், அவற்றைப் படம் பிடிக்க வேண்டாம்.

4. எதைப் பார்ப்பது?

இதற்குத்தான் நேரம் வேண்டும். சுத்த வெள்ளி 961 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். மூசை என்னும் உருக்கு கிண்ணத்தில் போட்டு, வெண்காரம் தூவி, உருகியதும் அச்சில் ஊற்றுவார்கள். ஊற்றும்போது தள்ளி நில்லுங்கள்.

அப்புறம் அந்தக் கட்டியைத் தகடாக்குவார்கள். இங்கே கவனியுங்கள்: அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். அதற்கு மேலும் அடித்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் கொஞ்சம் அடிப்பதும், மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி இளக்குவதும், மறுபடி அடிப்பதுமாக வேலை நகரும். ஒரு சின்னக் கிண்ணத்துக்கே இது பலமுறை நடக்கும். எப்போது காய்ச்ச வேண்டும் என்று எந்தக் கருவியும் சொல்வதில்லை. சுத்தியலின் சத்தத்திலும் கையில் படும் அதிர்விலும் தெரிந்துகொள்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அந்தச் சத்தம் மாறுவது நமக்கே கேட்கும்.

நெருப்பிலிருந்து வரும் வெள்ளி கறுத்திருக்கும். கலந்திருக்கும் செம்பு செய்யும் வேலை அது. திராவகத்தில் போட்டதும் வெளுக்கும். அதன் ஆவி ஆகாது, குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். பூவேலை செய்யும்போது பாத்திரத்தை அரக்கில் பதித்துக்கொண்டு உளியால் தட்டுவார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கட்டம்தான்.

5. வாங்குவதானால்

வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. வாங்கினால், "எத்தனை டச்?" என்று முதலில் கேளுங்கள். டச் என்பது வெள்ளியின் சுத்தம். 925 என்றால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 50 கிராம் சிமிழில் சுத்த வெள்ளி 46.25 கிராம். துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசில் வெள்ளி குறைவு என்பதால், பற்றுவைத்த இடங்கள் நிறைய உள்ள கொலுசு விற்கப்போனால் விலை இறங்கும். உள்ளே அரக்கு அடைத்த சாமானா, எடையில் அதுவும் சேர்த்தியா என்றும் கேட்டுவிடுங்கள். வெள்ளி விலை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வாங்கும் வெள்ளி நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி உண்டு. அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பட்டறையில் கையால் செய்த சாமானில் அது இல்லாவிட்டால் அதை மட்டும் வைத்துச் சந்தேகப்படாதீர்கள். ரசீதில் டச்சை எழுதி வாங்குங்கள், போதும்.

6. ஊருக்குக் கொண்டுபோக

பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் போடவே கூடாது, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கறுத்தால் விபூதி தொட்டுத் துடைத்தாலே பளிச்சென்றாகிவிடும். பூவேலை உள்ள சாமானில் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். பள்ளத்தில் தங்கும் கறுப்பில்தான் அந்தப் பூ எடுப்பாகத் தெரியும்.