காதல் விஷுவல் நாவல் எழுதிப் பழகுவோம்: கடலூர்–புதுச்சேரி பேருந்தில் ஒரு கதை, படிப்படியாக

விஷுவல் நாவல் என்பது திரையில் ஒரு பின்னணிப் படம், அதன்மேல் ஒரு கதாபாத்திரத்தின் உருவம், கீழே உரையாடல் பெட்டி, இடையிடையே வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டிய இரண்டு மூன்று பதில்கள் என அமைந்த கதை வடிவம். வாசகர் செய்வதெல்லாம் படிப்பது, சொடுக்குவது, எப்போதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆகியவைதாம். ஆகவே, திரையில் நிற்கும் பெண்ணோ ஆணோ வாசகருக்கு வேண்டியவராக மாறாவிட்டால் ஒரு காதல் கதையைக் காப்பாற்ற வேறெதுவும் இல்லை. அழகாக வரையப்பட்ட முகம் முதல் ஐந்து நிமிடங்களுக்கு மட்டுமே துணை நிற்கும். அதற்குப் பிறகு வாசகரைப் பிடித்து வைப்பது, தான் முன்பு சொன்ன ஏதோ ஒன்றை அந்தக் கதாபாத்திரம் நினைவில் வைத்திருக்கிறது என்ற உணர்வு. இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒன்றை உண்டாக்குவதற்காகவே எழுதப்பட்டுள்ளது. அரைமணி நேரத்தில் படித்து முடிக்கக்கூடிய ஒரு சிறு கதையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கருவியை ஆயத்தம் செய்தல்

2004ஆம் ஆண்டிலிருந்து கிடைத்து வரும் ரென்பை என்னும் இலவச மென்பொருளே தொடங்குவோருக்கு ஏற்றது. பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டதாயினும், அதில் கதை எழுதப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுவோர் முதல் நாளே சந்திக்கும் சிக்கல் எழுத்துரு: ரென்பையோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் திரையில் வெறும் கட்டங்கள் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைத் திட்டத்தின் ‘கேம்’ கோப்புறையில் இட்டு, ‘ஜியூஐ’ கோப்பில் அதன் பெயரைக் குறிப்பிட்டுவிடுங்கள். பழைய பதிப்புகளில் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகள் கலைந்து தெரியக்கூடும் என்பதால் புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தருகிறேன்.

படி 2: முதலில் தடையைத் தேடுங்கள்

பெரும்பாலோர் நாயகியின் தலைமுடி நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் இருவருக்கும் நடுவே நிற்கும் தடையிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தடை ஊரிலிருந்து எழுந்ததாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் கதையில் நாயகன் கடலூரின் பழைய நகரப் பகுதியான ஓ.டி.யிலிருந்து நாள்தோறும் புதுச்சேரிக்கு வேலைக்குச் செல்பவன். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறான். நாயகி ரோஸ்லின் தவளக்குப்பத்தில் அதே பேருந்தில் ஏறுபவள். ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பேருந்து முள்ளோடையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து புதுச்சேரிக்குள் நுழைகிறது. அவர்களுக்கிடையே உள்ள உண்மையான எல்லை அதுவன்று. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவித்தால் அந்தக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று இடம் தரப்பட்டது. அப்படித் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. ரோஸ்லின் அப்படிப்பட்ட ஒரு சொல்தாவின் பேத்தி.

இப்போது தடை தானாகவே தெரிகிறது. நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, உள்ள பெண்ணை ஒருவன் விரும்புகிறான் என்றால், பிரான்சுக்குப் போகத்தான் விரும்புகிறான் என்று ஊர் சொல்லும். அவனுக்கு அது தெரியும். தான் வாய் திறந்தால் அவளும் அப்படி நினைத்துவிடுவாளோ என்பது அவன் அச்சம். தன்னிடம் அன்பாகப் பேசும் எவரையும் நம்பலாமா என்பது அவள் அச்சம். சீறும் தந்தையோ பணக்கார மாப்பிள்ளையோ இங்கே தேவையில்லை. வெளியிலிருந்து வரும் வில்லன் வாசகருக்குக் கோபத்தை மட்டுமே தருவான். பேச வேண்டிய இருவரும் பேச முடியாமல் ஒரே கம்பியைப் பிடித்து நிற்பதுதான் வாசகரை உள்ளே இழுக்கும்.

படி 3: விருப்பம், அச்சம், ஒரு பழக்கம்

ஒவ்வொரு முதன்மைக் கதாபாத்திரத்துக்கும் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விருப்பமும் அச்சமும் உங்களுக்கானவை. வாசகர் காண்பது பழக்கத்தை மட்டுமே. ரோஸ்லின் சில்லறையை எண்ணும்போது உதட்டுக்குள் பிரெஞ்சில் எண்ணுகிறாள். தாத்தா அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்த மொழி அது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குத் தாத்தா பதக்கங்களை அணிந்து செல்லும்போது கைத்தாங்கலாக உடன் போகிறவளும் அவள்தான். இவ்வளவையும் முதல் காட்சியிலேயே கொட்டிவிடாதீர்கள். முதலில் அவள் எண்ணட்டும். ஏன் அப்படி எண்ணுகிறாள் என்பது நாலாவது காட்சிக்குக் காத்திருக்கட்டும்.

படி 4: நாயகனுக்கு எவ்வளவு முகம் தருவது

விஷுவல் நாவலில் வாசகர் பெரும்பாலும் நாயகனின் கண்களால் பார்க்கிறார். நாயகனின் முகம் திரையில் தெரிவதே இல்லை. தமிழ் வாசகருக்கு இது புதியதன்று. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் இல்லாத இடத்தில் கேட்பவர் தம்மை வைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. அதே வேளையில், வெறுமையான நாயகனை எவரும் காதலிக்கப் போவதில்லை. முகத்தை மறையுங்கள், வேலையையும் அம்மாவையும் மாதக் கடைசியில் காலியாகும் பணப்பையையும் மறைக்காதீர்கள்.

படி 5: பின்னணியையும் பேச வைத்தல்

நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருப்போம். கடற்கரையைக் காதலர் கைகோத்து நடக்கும் இடமாக மட்டும் காட்டாமல், வராதவருக்காக ஒருவர் தனியே நிற்கும் இடமாகவும் காட்டுங்கள். பல பின்னணிகளை வரையத் தேவையில்லை. ஒரே பேருந்து நிறுத்தத்தைக் காலை வெயில், மாலை விளக்கு, கார்த்திகை மழை என மூன்று ஒளியில் வரைந்தால் போதும். மூன்றாம் முறை அது வரும்போது அங்கே முன்பு பேசியதெல்லாம் வாசகருக்கு நினைவுக்கு வரும். புயலையும் மழையையும் கொண்டுவருவதானால் விளக்கம் வேண்டாம். 2011இன் தானேவையும் 2024இன் ஃபெஞ்சலையும் பார்த்த இக்கரை வாசகருக்குப் பேருந்தின் தார்ப்பாய் படபடக்கும் ஒலியே போதுமானது.

ஒரு சிறு எச்சரிக்கை: புதுச்சேரிக் கடலில் சூரியன் மறைவதாகத் தயவுசெய்து வரையாதீர்கள். இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறது. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் மாலையில் கடலை நோக்கி நிற்பவரின் நிழல் கடலின் பக்கம் நீளும். இணையத்தில் கிடைக்கும் ஆரஞ்சு நிறக் கடற்படத்தை ஒட்டினால் உள்ளூர் வாசகர் அந்த நொடியிலேயே கதையை விட்டு வெளியேறிவிடுவார்.

படி 6: உரையாடலில் நெருக்கத்தை ஏற்றுதல்

கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழிலும், பேசும் வரிகள் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். இருவரும் ‘நீங்க’ என்றே தொடங்கட்டும். ‘நீ’ எப்போது வருகிறது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரு கதையில் அது ஒரு முறைதான் நிகழ முடியும். என் தேர்வு: கோபத்தில் வாய் தவறி வர வேண்டும், அதை இருவரும் கவனிக்க வேண்டும், எவரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. கைகள் தொடுவதாக எழுதும் காட்சியைவிட இது வலுவானது.

உணர்ச்சியின் பெயரை உரையாடலில் சொல்லாதீர்கள். ‘நீங்க இல்லாம கஷ்டமா இருந்துச்சு’ என்று அவள் சொல்வதைவிட, ‘முந்தாநாள் வண்டி காலியா வந்துச்சு’ என்று சொல்லட்டும். வண்டியில் அன்று நாற்பது பேர் இருந்ததை நடத்துநரின் பேச்சு வழியாக வாசகர் அறிந்துகொள்ளட்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பெட்டி விரைவில் நிரம்பிவிடும்.

படி 7: தேர்வுகளும் அவற்றின் நினைவும்

மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் மட்டும் நிதானமாக இருங்கள். பல கதைகளில் தேர்வு என்பது மறைமுகமான தேர்வுத்தாளாகிவிடுகிறது: சரியான பதிலுக்கு அன்பு மதிப்பெண் கூடும், தவறான பதிலுக்குக் குறையும், போதிய மதிப்பெண் சேர்ந்தால் காதல் கைகூடும். வாசகர் அப்போது அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பார்க்கத் தொடங்குகிறார். இதற்கு மாற்றாக, எந்தப் பதிலும் தவறாகாத, ஆனால் ஒவ்வொன்றும் மறக்கப்படாத தேர்வுகளை அமையுங்கள்.

நம் கதையில் அவன் கடலூரிலேயே ஏறுவதால் அவனுக்கு இருக்கை கிடைத்துவிடுகிறது. ஆயினும் தவளக்குப்பம் வந்ததும் எழுந்து அவளுக்கு இடம் விடுகிறான். ஒரு நாள் அவள் கேட்கிறாள்: ‘டெய்லி எழுந்து எழுந்து நிக்கறீங்களே, ஏன்?’

வாசகர் முன் மூன்று பதில்கள். ஒன்று, ‘உக்காந்தா முதுகு வலிக்குது.’ இரண்டு, ‘எறங்கறதுக்குச் சுலபமா இருக்கும்.’ மூன்று, ‘நீங்க உக்காரணும்னுதான்.’

முதலாவது பொய். அதைத் தேர்ந்தவருக்கு உடனே எதுவும் நேராது. மூன்று காட்சிகள் கழித்து, மழை நாளில், அவள் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டுகிறாள்: ‘தாத்தா முட்டிக்குப் போடற தைலம். முதுகுக்கும் கேக்கும்னாரு.’ அவன் சொன்ன பொய் அன்பாகத் திரும்பி வருகிறது. அவள் வீட்டில் அவனைப் பற்றிப் பேசியிருக்கிறாள் என்பதை ஒரு வரியாலும் நீங்கள் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது பதிலைத் தேர்ந்தவருக்கு, கடைசி நாளில் அவள் ஒரு நிறுத்தம் முன்னதாகவே எழுந்து படிக்கட்டருகே அவனோடு வந்து நிற்பாள். மூன்றாவது பதில் உண்மை என்பதால் அவளை மௌனமாக்குகிறது. மறுநாள் மாலை புதுச்சேரி பேருந்து நிலையத்தில் அவள் முதலில் ஏறிப் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்திருப்பாள், அவன் வந்ததும் எடுத்துக்கொள்வாள்.

இதைச் செய்யும் வழி எளிது. கதைக் கோப்பின் தொடக்கத்தில் ‘டிஃபால்ட்’ என்னும் கட்டளையால் ஒரு மாறியை (வாசகரின் தேர்வைக் குறித்து வைக்கும் இடம்) உருவாக்கி, அதற்கு ‘பதில்’ என்பது போன்ற பொருளில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள்; அப்படி உருவாக்கினால்தான் வாசகர் சேமித்து மீண்டும் திறக்கும்போதும் அது ஒழுங்காக நினைவில் இருக்கும். தேர்வுக்கு ‘மெனு’ கட்டளை; அதன்கீழ் ஒவ்வொரு பதிலுக்கும் உள்ளே நான்கு இடைவெளி தள்ளி, மாறியில் 1, 2, 3 என ஒரு மதிப்பை வைக்க வேண்டும். பின்னர் வரும் மழைக் காட்சியில் ‘இஃப்’ கட்டளையால் மதிப்பைப் பார்த்து உரிய வரிகளைக் காட்டலாம். இடைவெளிகள் பிசகினால் ரென்பை பிழைச் செய்தி காட்டும். அது குறிப்பிடும் வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

ரென்பையில் வாசகர் சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பின்னோக்கிச் சென்று வேறு பதிலைத் தேர்ந்துகொள்ள முடியும். அதைத் தடுக்கவும் வழி உண்டு, தடுக்காதீர்கள். தைலப் புட்டியைப் பார்த்த பின் ஒருவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல விரும்பினால், உங்கள் கதை அவரைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

படி 8: மௌனம்

கதாபாத்திரத்துக்கு ஐந்தாறு முகபாவங்கள் போதும். எவற்றை வரைவது என்று குழம்பினால் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளிலிருந்து (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்) உங்கள் கதைக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான வரிக்குப் பின், இடைநிறுத்தம் என்னும் பொருளுடைய ‘பாஸ்’ கட்டளையால் ஒன்றிரண்டு நொடி நிறுத்தி, முகத்தை மட்டும் ‘டிசால்வ்’ மூலம் மெல்ல மாற்றுங்கள். இசையையும் அங்கே நிறுத்திவிடலாம். கதை முழுவதற்கும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். அடிக்கடி செய்தால் வாசகர் கணினி நின்றுவிட்டதென்று சொடுக்கிக்கொண்டே இருப்பார்.

படி 9: முடிவுகள்

ரோஸ்லினின் குடும்பம் பிரான்சுக்குப் புறப்படுகிறது. அதை மாற்ற வேண்டாம். எல்லா வழிகளிலும் அவள் போகிறாள். மாறுவது, தன் அச்சத்தை அவன் அவளிடம் சொன்னானா என்பது மட்டுமே. சொன்ன வழியில், ‘எங்க வீட்லயும் அதையேதான் கேட்டாங்க, நான் உங்க முதுகு வலியைச் சொன்னேன்’ என்பது போல முன்னைய தேர்வை எடுத்து அவள் விடை தரலாம். மற்ற இரு பதில்களுக்கும் அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். சொல்லாத வழியில் அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்குவாள். அதைத் தண்டனையாக எழுதாதீர்கள். அதே கவனத்தோடும் அதே நீளத்தோடும் எழுதுங்கள்.

படி 10: ஒருவரைப் படிக்க வைத்துப் பாருங்கள்

நண்பர் ஒருவரைக் கணினி முன் அமர்த்தி, பின்னால் வாய் மூடி உட்காருங்கள். எங்கே விரைவாகச் சொடுக்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வரிகளை வெட்ட வேண்டும். மெனு வந்ததும் உடனே தேர்ந்துவிடுகிறார் என்றால் அந்தக் கேள்வியில் அவருக்கு இழக்க எதுவும் இல்லை என்று கொள்ளுங்கள். முடித்த பின் ‘பிடித்ததா’ என்று கேட்காமல், ‘அவள் சில்லறையை ஏன் அப்படி எண்ணினாள்’ என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் நாலாவது காட்சியை மீண்டும் எழுதுங்கள்.