சின்ன விமானத்தில் வந்து வன்னியில் கூடாரம் போட

சின்ன விமானத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் வன்னிக்கு இறங்கிக் கூடாரம் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தச் சக்கரம் வைத்த பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சின்ன விமானங்களில் பல இடங்களில் ஆளையும் சேர்த்தே நிறுப்பார்கள், சாமான் வைக்கும் இடமும் ஒடுக்கம், அமத்தித் தள்ளக்கூடிய துணிப்பைதான் சரி. அடுப்புக் காஸ் டின்னைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது, ஒரு இரவுக்குக் கிளிநொச்சியில் பாணும் சம்பலும் வாங்கினால் அடுப்பே தேவையில்லை. பவர் பாங்க் கைப்பையில்தான்.

வைகாசி முதல் ஆவணி வரை இங்கே இரவும் புழுக்கம். தடித்த ஸ்லீப்பிங் பாக் வீண் சுமை, போர்த்திக்கொள்ள ஒரு சாரம் போதும், ஆனால் நுளம்புவலை வைத்த கூடாரமாகப் பாருங்கள். நான் பாரம் குறையட்டும் என்று மெல்லிய அலுமினியக் கூடார முளைகளைக் கொண்டுவந்து குளத்துப் பக்கத்துக் காய்ந்த தரையில் கல்லால் அடித்தேன், இரண்டாவது அடியிலேயே தூண்டில் மாதிரி வளைந்துவிட்டது. இப்போது நாலே நாலு இரும்பு முளை, மிச்சத்துக்கு நைலோன் கயிறு, பாலை மரத்தில் இழுத்துக் கட்டிவிடுவேன்.

அப்புறம் தண்ணீர். லீற்றருக்கு ஒரு கிலோ பாரம், வெறும் போத்தலோடு வந்து இங்கே நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வருவதென்றால் மழைவிரிப்பு கட்டாயம்.